இடது கண்ணால் எடுத்த படம்

"கேமராவுல ஒரு தூசுகூட இல்லம்மா. எதுக்கும் கண்ணைக் காட்டிருங்க."

ரிப்பேர் கடைக்காரர் இப்படிச் சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. படம் எடுக்கும்போது ஓரத்தில் கறுப்பாக ஏதோ மறைக்கிறது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவள், அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு கடை வாசலில் நின்றதைப் போன வாரம் பார்த்தோம். அந்த மூன்று நாளும் வேனக்கா வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதால் தெருவே அவளை வேனக்கா என்றுதான் கூப்பிடும். ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். காலையில் பதினோரு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால், பிற்பகல் இரண்டரைக்குத்தான் திரும்ப வேலை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுத் தோட்டத்துப் பூச்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பட்டாம்பூச்சிகளைப் படம் எடுப்பாள். நாலு வருடமாக இதுதான் அவளுடைய ஒரே பைத்தியம்.

சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவளுக்குக் கண்ணைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. மாடியில் இருக்கும் நாத்தனார் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். ஆனால் இரண்டு பேரும் பேசி ஒன்பது நாளாகிறது.

எல்லாம் ஒரு பச்சைப் புழுவால் வந்தது. எலுமிச்சைச் செடியிலிருந்து துணிக்கொடிக்கு ஏறி, நாத்தனாரின் கடைச் சீருடைக்குள் புகுந்து, ஒரு வாடிக்கையாளர் கண்ணெதிரே காலரிலிருந்து தலையை நீட்டிவிட்டது. மறுநாளே நாத்தனார் ஆள் வைத்து, பட்டாம்பூச்சிகளை இழுக்கிற உன்னிச்செடி வரிசையில் பாதியை வெட்டிப் போட்டாள். மத்தியானம் வந்து பார்த்த வேனக்கா, "கேக்காம வெட்டறதுக்கு இது என்ன உன் வீடா?" என்று கேட்டுவிட்டாள்.

கல்யாண வாழ்க்கை முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்ட மறுநொடியே வேனக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் வெளியே விட்ட சொல்லை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

*

அன்று காலை வேனை எடுக்கும்போதே வலது கண்ணோரம் ஒருமுறை பளிச்சென்று மின்னியது. வேனக்கா தலையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

எட்டாவது பிள்ளையை ஏற்றிக்கொண்டு குறுகலான தெருவில் திரும்பியபோது வலப்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஆன்ட்டி, இடிச்சிட்டீங்க," என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆச்சரியப்படும் குரல்.

இறங்கிப் பார்த்தாள். நிறுத்தியிருந்த பைக்கின் கண்ணாடி திரும்பியிருந்தது. உடையவில்லை. பைக்குக்குச் சொந்தக்காரரான பேப்பர் போடுகிறவர் பக்கத்து வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"மன்னிச்சிருங்க, நான் கவனிக்கல," என்றாள்.

"பரவாயில்லக்கா, ஒண்ணும் ஆகல." கண்ணாடியை நேராகத் திருப்பிவிட்டு அவளையே பார்த்தார். "ஆனா நீங்களா இடிச்சீங்க?"

அந்த 'நீங்களா' அவளை உலுக்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு கீறல்கூட வாங்காத வண்டி. அந்த பைக் அவளுக்குத் தெரியவே இல்லை. பைக் இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

மீதி வழியை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினாள். மணி அடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, "என்னக்கா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேமராவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். படம் எடுக்கிற ஆசையில் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெயில் அப்போதுதான் சுவரைத் தாண்டி இறங்கியிருந்தது. வெட்டாமல் மிச்சமிருந்த உன்னிச்செடியில் பூங்கொத்துகள் மஞ்சளும் சிவப்புமாக நிறைந்திருந்தன. கறுப்பில் வெண்மஞ்சள் திட்டுகள் போட்ட ஒரு பட்டாம்பூச்சி ஒரு கொத்தின் மேல் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இறக்கையின் அடியோரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு.

நிழல் அதன் மேல் விழாதபடி சுற்றிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் வலது கண்ணைக் கேமராவின் சின்ன ஜன்னலில் வைத்தாள்.

பட்டாம்பூச்சியின் மேல் பாதி தெரிந்தது. கீழே வலது மூலையில் யாரோ துணியை இழுத்துவிட்ட மாதிரி இருட்டு. நேற்றைவிட இன்று அதிகம். சிவப்புப் பொட்டைக் காணவில்லை.

கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினாள். பழக்கமில்லாததால் மூக்கு இடித்தது. ஆனால் பட்டாம்பூச்சி முழுசாக இருந்தது, பொட்டோடு. ஒரு படம் எடுத்தாள். மறுபடி வலது கண். இருட்டு. மறுபடி இடது. பொட்டு.

"அண்ணி."

மாடியிலிருந்து குரல் வந்தது. ஒன்பது நாளில் முதல் வார்த்தை. நாத்தனாருக்கு அன்று வார விடுமுறை. துவைத்த துணியைத் தோளில் போட்டபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஏன் இடது கண்ணுல வெச்சுப் பாக்கறீங்க?"

"சும்மாதான்."

"நாலு வருஷமா வலது கண்ணுல பாத்தவங்க சும்மா மாத்த மாட்டாங்க. அங்கயே இருங்க, வர்றேன்."

படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். சேலைத் தலைப்பில் இரண்டு துணி கிளிப்புகள் அப்படியே தொங்கின. எதிரே குந்தி உட்கார்ந்து, அண்ணியின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"என் மூக்கை மட்டும் பாருங்க. என் கையில எத்தனை விரல்?"

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு."

"இப்ப இந்தக் கையில?"

"எந்தக் கையில?" என்று கேட்டாள் வேனக்கா.

நாத்தனாரின் கை அவளுடைய வலது கன்னத்துக்குக் கீழே, ஒரு முழத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் கையை இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"கண்ணோரம் மின்னுதா?"

"ஒரு வாரமா."

"புள்ளி புள்ளியா ஏதாவது பறக்குதா?"

"கொசுன்னு நெனச்சேன். ரெண்டு நாள் விரட்டிட்டுகூட இருந்தேன்."

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம், இப்பவே."

"ரெண்டரைக்குப் பிள்ளைங்க வெளிய வந்துருவாங்களே."

"அண்ணி, இன்னிக்கு நீங்க வேன் ஓட்டப் போறதில்ல."

வேனக்காவின் முகம் உடைந்தது. "காலையில ஓட்டினேன். ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சும் ஓட்டினேன். ஒரு பைக்கை இடிச்சிட்டேன். எட்டுப் பிள்ளைங்க உள்ள."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நாத்தனார் சமாதானம் சொல்லவில்லை.

"தப்புதான்," என்றாள். "அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப செருப்பைப் போடுங்க."

*

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்காரவே பதினொன்று ஆகிவிட்டது. ஒரு நர்ஸ் வந்து சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஊற்றினாள்.

வேனக்காவின் கணவருக்கு நாத்தனார் நாலு முறை போன் செய்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும்போது ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பார். அங்கே சிக்னல் கிடைக்காது. பன்னிரண்டேகாலுக்கு அவரே கூப்பிட்டார். நாத்தனார் விஷயத்தைச் சொல்லி போனை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? இதோ வர்றேன்," என்றார் அவர்.

"வராதீங்க. ரெண்டரைக்கு வேனை எடுங்க. மாத்து டிரைவர்னு உங்க பேரைத்தானே ஸ்கூல்ல கொடுத்திருக்கோம்."

"கண்ணு போகுதோ இருக்குதோன்னு உட்காந்திருக்க. நான் வேன் ஓட்டிட்டு இருக்கணுமா?"

"நீங்க இங்க வந்து என் பக்கத்துல உட்காருவீங்க. அந்தப் பிள்ளைங்க கேட்டுல நின்னுட்டிருக்கும். பக்கத்துல உட்காரத் தங்கச்சி இருக்கா. பிள்ளைங்களுக்கு யார் இருக்கா?"

மறுமுனையில் கருவிப்பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சாவி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணி தன்னைத் தங்கச்சி என்று சொன்னது காதில் விழுந்ததாக நாத்தனார் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போனைத் திரும்ப வாங்கியவள், அண்ணியின் கையை விடவில்லை.

*

டாக்டரம்மாவுக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, "மேல பாருங்க. கீழ பாருங்க. ஓரமா, இன்னும் ஓரமா," என்று வெகுநேரம் பார்த்தார். வெளிச்சத்தில் வேனக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு வழியாக விளக்கை அணைத்தார்.

"வலது கண்ணுல விழித்திரை ஓரமா கிழிஞ்சிருக்கும்மா. சுவர்ல ஒட்டின காகிதம் ஓரத்துல பிஞ்சா எப்படி எழும்பும்? அந்த மாதிரி கொஞ்சம் எழும்பியிருக்கு. அதுதான் உங்களுக்கு நிழலாத் தெரியுது."

வேனக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார்தான் கேட்டாள்.

"நடுப்பகுதி?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணைப் பத்தித் தெரிஞ்சவங்க போல. நடுப்பகுதி நல்லா ஒட்டிட்டு இருக்கு. அதுவரைக்கும் வரல. இன்னிக்கே லேசர் வெச்சுச் சுத்தி வேலி மாதிரி போட்டா, இதுக்கு மேல பரவாம நிறுத்திடலாம்னு நம்பறேன். அந்த ஓர நிழல் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். மத்த பார்வைக்கு இப்ப ஆபத்து இல்ல."

வேனக்கா மூச்சை விட்டாள். காலையில் பட்டாம்பூச்சி முன்னால் பிடித்த மூச்சை இப்போதுதான் விடுவதுபோல் இருந்தது.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"இப்ப கூடாது. மூணு வாரம் கழிச்சு ரெண்டு கண்ணையும் பாத்துட்டுச் சொல்றேன். ஓட்டலாம்னு சொல்ற மாதிரி இருக்கும்னுதான் நெனக்கிறேன். ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா வேற பேச்சு பேசிட்டு இருப்போம். யாரு கண்டுபிடிச்சது?"

வேனக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினாள். "மாடியிலேர்ந்து பாத்தே கண்டுபிடிச்சிட்டா."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார். "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"உங்களை மாதிரி கிட்டப்பார்வையா? சின்ன வயசுலேர்ந்தே தடிமனான கண்ணாடியா?"

"என்னைவிடத் தடிமன்."

"அப்ப அவரையும் வந்து காட்டச் சொல்லுங்க. சில குடும்பத்துல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கும் வரலாம். அவர் என்ன பண்றாரு?"

"கிரேன் ஓட்டறாரு. துறைமுகத்துல."

டாக்டரின் பேனா நின்றது. "அப்ப கட்டாயம் சொல்லுங்க," என்றார்.

*

லேசர் இருபது நிமிஷம் ஆனது. கண்ணுக்குள் பச்சை பச்சையாக வெளிச்சம் தெறித்தது. சில தெறிப்புகள் வலிக்கவில்லை. சிலது பின்மண்டை வரைக்கும் சுள்ளென்றது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வேனக்கா தன் வழித்தடத்தை நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தெறிப்புக்கும் ஒரு வாசல். பச்சைக் கேட்டு வீடு, இரட்டையர் வீடு, தினமும் ஒரு ஷூ மட்டும் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவன் வீடு. பதினொன்றையும் நாலு முறை சுற்றி முடித்தபோது, "முடிஞ்சுதும்மா," என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் நாத்தனார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பார்வை கலங்கியிருந்ததால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. ஒருவகையில் அதுவே வசதியாக இருந்தது.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள் வேனக்கா.

"எப்படி?"

"உன் வீடான்னு."

நாத்தனார் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு ரொம்ப நேரம் அழுதேன்," என்றாள். "அப்புறம் வேற வீடு பாக்கலாம்னு ரெண்டு இடத்துல கேட்டும் வெச்சேன்."

"போயிராதே. அது உன் வீடுதான். எனக்கு முன்னாடி அங்க பிறந்து வளர்ந்தவ நீ."

"நானும் கேக்காம வெட்டியிருக்கக் கூடாது. உங்களுக்கு அந்தச் செடின்னா எப்படின்னு தெரிஞ்சுதான் வெட்டினேன்."

"செடி வளர்ந்துரும்."

"அந்தப் புழு காலர்லேர்ந்து எட்டிப் பாத்ததும் அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஏம்மா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, கண்ணாடி வேணாம்'னு எழுந்து போயிட்டாரு."

வேனக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கண் அழுத்தும் என்று நாத்தனார் அதட்ட, அதட்டியவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த வழியே போன நர்ஸ் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நாலேகாலுக்குக் கணவர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. பெஞ்சின் முன்னால் வந்து நின்றவர் முதலில் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டியதும்தான் அவர் தோள்கள் இறங்கின.

"எல்லாரையும் இறக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"இறக்கினேன். நானா ஓட்டினேன்? உன் பிள்ளைங்கதான் ஓட்டினாங்க. 'அங்கிள், இங்க ரெண்டு ஹார்ன். அங்கிள், இந்த வீட்டு நாய்க்கு வழி விடணும். அங்கிள், ஆன்ட்டி இவ்வளவு வேகமாப் போக மாட்டாங்க.' நான் போனதே இருபதுலதான்."

பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார். பிறகுதான் அவள் கையைப் பிடித்தார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேனை நிறுத்தச் சொல்வீங்க."

"சொல்வேன்தான். லிஃப்ட் கயித்துல ரெண்டு இழை அறுந்திருந்தா நான் லிஃப்டை நிறுத்திருவேன். மேல ஆள் காத்திருக்காங்கன்னு பாக்க மாட்டேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னதால் தலை குனிந்தாள்.

"காலையில நடந்ததை ஸ்கூல்ல நானே சொல்லிடறேன்," என்றாள். "மறைக்கப் போறதில்ல. அவங்க என்ன சொன்னாலும் சரி."

"சொல்லிடு. நானும் கூட வர்றேன். நீ மறுபடி ஓட்டற வரைக்கும் காலையில நான் ஓட்டறேன். மத்தியானத்துக்கு ஆபீஸ்ல கேட்டுட்டேன், ஷிஃப்டை மாத்தித் தர்றாங்க."

அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கேட்டிருக்கிறார். வேனக்கா அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. பசிகூட எடுத்தது.

*

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்தபோது மணி ஆறு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வெட்டிப் போட்ட உன்னிக் கட்டைகளுக்கு நாத்தனார் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் கணவர் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

வேனக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனோடு பேசி ஒன்பது வருடம். அவள் வேன் ஓட்டப் போகிறேன் என்றபோது, "பொம்பளை டிரைவருக்கு அண்ணன்னு என்னை வெளிய சொல்லிக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனவன். அதன்பிறகு அவள் சொல்லிக்கொள்ளவில்லை. இன்று டாக்டரிடம்தான் முதல்முறையாகச் சொன்னாள்.

கணவர் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "நான் பேசவா?"

"வேணாம். உங்ககிட்டன்னா வீம்புக்காச்சும் கேக்க மாட்டான்."

எண் போனில் இல்லை. ஆனால் விரல்களுக்கு மறக்கவில்லை. நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"யாரு?"

"நான்தான்."

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் டிவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, வெச்சிராதே. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு நானே வெச்சிடறேன். உனக்குக் கண்ணோரம் மின்னல் மாதிரி ஏதாவது தெரியுதா?"

டிவிச் சத்தம் நின்றது. அவன் எழுந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"உனக்கு யாரு சொன்னா?" என்றான். குரலில் ஒன்பது வருடக் கோபத்தைக் காணோம். "வீட்டுல யார்கிட்டயும் நான் சொல்லலையே."

வேனக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்று நடந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பைக்கைச் சொன்னாள். சிவப்புப் பொட்டைச் சொன்னாள். நடுப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை இரண்டு முறை சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

வெகுநேரம் கழித்து, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அவள் அவனிடம் பேசிய அதே தணிந்த குரலில் இப்போது அவன் கேட்டான்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் கிரேன்ல ஏறணும். ஏறலாமா?"